டப்பாவுக்குள் மாடு இல்லை

ஈரோட்டில் மஞ்சள் மண்டிப் பக்கம் ஒரு டீக்கடை. பல்லடத்துக்காரர் ஒருவர், விசைத்தறி வைத்திருப்பவர், போன வாரம் அங்கே என்னிடம் கேட்டார்: “ஏனுங்க, டப்பா டிரேடிங், டப்பா டிரேடிங்குன்னு சொல்றாங்களே, அதுல டப்பா எங்கீங்க இருக்குது?”

கேள்விக்குப் பின்னால் ஒரு நோவு இருந்தது. அவருடைய மச்சினன் ஏதோ ஒரு செயலியை ஃபோனில் ஏற்றி ஒரு லட்சம் ரூபாயைத் தொலைத்திருக்கிறான். “அவன் ரொம்ப சூதானமானவனுங்க. மொத்தமா எறக்கல. ஆயிரம் ஆயிரமாத்தான் போட்டான். சந்திராஷ்டமத்தன்னிக்கு ஃபோனையே தொட மாட்டான்” என்றார். அந்த ‘ஆயிரம் ஆயிரமா’வில்தான் கணக்கே இருக்கிறது. பங்கை நிஜமாக வாங்காமல், அதன் விலை ஏறுமா இறங்குமா என்று தரகரிடமே பந்தயம் கட்டுவதுதான் டப்பா டிரேடிங். முதலில் பெயரைப் பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘பக்கெட் ஷாப்’ என்று பெயர். வாளிக்கடை. பெயர் வந்த விதத்துக்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். லண்டனில் மதுக்கடைகள் வெளியே போட்ட பீப்பாய்களில் ஒட்டியிருந்த மிச்சம் மீதியை வாளியில் வடித்துக்கொண்டு போய், ஒரு மறைவிடத்தில் கூடிக் குடித்தார்களாம். அந்த இடம் பக்கெட் ஷாப் ஆனது. இன்னொன்று சிகாகோ கதை. அங்கே தானியச் சந்தையில் குறைந்தது 5,000 புஷல் வாங்க வேண்டும். அவ்வளவுக்கு வசதியில்லாதவர்கள் பக்கத்துச் சந்துக் கடைகளில் ‘வாளிக்கணக்கில்’ பந்தயம் கட்டினார்களாம். எனக்குப் பிடித்தது முதல் கதை. பெரிய இடத்தின் எச்சிலை வைத்துப் பிழைக்கும் கடை என்பது அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. அவர்களுக்கு வாளி, நமக்கு இந்தி வழியாக வந்த டப்பா. ஆர்டர் சந்தைக்குப் போகாமல் தரகரின் டப்பாவிலேயே விழுந்துவிடுகிறது. தமிழில் ‘டப்பா பஸ்’ என்றால் என்ன பொருளோ, அதுவும் சேர்ந்தே பொருந்துகிறது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். என்ன விலை என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் மாடு கைமாறுவதை ஊரே பார்க்கும். டப்பாவில் நேர் எதிர். விலை ஊருக்கே தெரியும், மாடுதான் கிடையாது. சந்தை வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, ‘அந்தக் காங்கேயம் காளை விலை ஏறுமா, இறங்குமா’ என்று பந்தயம் கட்டுகிறோம். நம்மோடு பந்தயம் கட்டுபவர் கடைக்காரர். நாம் தோற்றால் அவருக்கு லாபம்.

முறையான பங்குச் சந்தையில் அப்படி இல்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே தீர்வுக் கழகம் என்ற அமைப்பு நிற்கும். அது இருவருக்கும் பொறுப்பு. யார் ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 1656-இல் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல், இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவிடம் ஒரு புதிர் கேட்டார். அடுத்த ஆண்டு டச்சு அறிஞர் ஹைகன்ஸ் எழுதிய சூதாட்டக் கணக்கு நூலிலும் அது இடம்பெற்றது. இன்று அதற்குச் ‘சூதாடியின் அழிவு’ என்று பெயர். ஆட்டம் துளிகூட ஏமாற்றில்லாமல், பாதிக்குப் பாதி வாய்ப்போடு நடந்தாலும், பெரும்பாலும் காசு குறைவாக வைத்திருப்பவர்தான் முதலில் காலியாவார். உங்களிடம் ஒரு லட்சம், கடைக்காரரிடம் பத்துக் கோடி. ஒருவர் ஓட்டாண்டி ஆகும்வரை ஆடினால் நீங்கள் ஜெயிக்க 1,001-இல் ஒரு வாய்ப்பு. காரணம் சாதாரணம். அவர் ஆயிரம் முறை சறுக்கினாலும் எழுந்து நிற்பார். நாம் ஒரு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டால் கதை முடிந்தது.

‘பத்துக் கோடியெல்லாம் எனக்கு வேண்டாம், ஒரு லட்சம் ரெண்டு லட்சமானா எந்திரிச்சு வந்துருவேன்’ என்பீர்கள். நியாயமான ஆசை. ஆனால் டப்பாவில் தரகு உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஓர் இடைவெளியும் உண்டு. அதனால் ஒவ்வொரு பந்தயத்திலும் உங்கள் வாய்ப்பு 50 அல்ல, 49 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சதவீதம்தான் குறைத்திருக்கிறேன்.

முழு லட்சத்தையும் ஒரே பந்தயத்தில் வைத்தால் இரட்டிப்பாக வாய்ப்பு 49 சதவீதம். பத்தாயிரம் பத்தாயிரமாக வைத்து ஆடினால் அது 40 சதவீதமாகிறது. ஆயிரம் ஆயிரமாக, அந்த மச்சினனைப் போலச் சூதானமாக ஆடினால்? 2 சதவீதம்கூட இல்லை.

முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். சரியாகத்தான் இருந்தது. நூறு பந்தயம் ஆடினால் சராசரியாக நீங்கள் இழப்பது 2 பந்தயக் காசு. அதிர்ஷ்டம் உங்களை மேலும் கீழும் இழுப்பது சுமார் 10 பந்தயக் காசு. இங்கே அதிர்ஷ்டத்தின் கை ஓங்கியிருக்கிறது, பிழைக்கலாம். அதுவே பத்தாயிரம் பந்தயம் என்றால் சராசரி இழப்பு 200, அதிர்ஷ்டத்தின் இழுப்போ 100 மட்டுமே. இழப்பு ஆட்டத்தின் எண்ணிக்கையோடு வளர்கிறது. அதிர்ஷ்டம் அதன் வர்க்கமூலத்தோடுதான் வளர்கிறது. சின்னச் சின்னதாகப் போட்டு ஒரு லட்சத்தை இரட்டிப்பாக்க ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆட வேண்டும். அத்தனை ஆட்டத்திலும் அந்த ஒரு சதவீதம் அரித்துக்கொண்டே இருக்கும். சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டமும் கிணறும் உண்டாக்கிய ஊர் நம்முடையது. அந்தப் புத்தியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டப்பாவில் வைத்தால் கடைக்காரருக்குத்தான் தீபாவளி.

இதில் ஒரு வேடிக்கை. சந்திராஷ்டமத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த மச்சினன் கடைப்பிடித்த விதிகளிலேயே உருப்படியானது அதுதான். மாதத்தில் இரண்டேகால் நாள் ஆட்டம் குறைந்ததே! இந்த வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. நிகழ்தகவுப் பாடத்தைப் பரீட்சைக்கு உருப்போடாத மாணவரும் இல்லை. அதைத் தறிக்குடோனுக்கும் சந்தைக்கும் வந்து சொல்லித்தர ஒரு ரூபாய் ஒதுக்குகிறார்களா என்றால், அதுதான் இல்லை.

அப்படியும் ஜெயிப்பவர் உண்டா? பின்னாளில் பெயர்பெற்ற அமெரிக்கப் பங்கு வியாபாரி ஜெஸ்ஸி லிவர்மோர் சிறுவயதில் பாஸ்டனின் வாளிக்கடைகளில் விடாமல் ஜெயித்தார். கடைக்காரர்கள் அவரை உள்ளே விடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கடைகளை அமெரிக்கா ஒழித்த விதம் அழகு. 1867-இல் வந்த டிக்கர் கருவி, தந்திக் கம்பி வழியாக விலையை நாடாவில் அச்சிட்டுத் தந்தது. வாளிக்கடையின் உயிரே அந்த விலைதான். 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிகாகோ சந்தை திரட்டும் விலைப்பட்டியல் அந்தச் சந்தையின் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறமென்ன, திருட்டுத்தனமாக விலையை எடுப்பவனுக்குக் கம்பியை நறுக்கிவிடலாம்.

இன்று விலை எல்லோர் ஃபோனிலும் ஓடுகிறது. நறுக்கக் கம்பி இல்லை. அதனால் பணம் போகும் வழியைத்தான் பிடிக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பங்கு ஒப்பந்தச் சட்டப்படி டப்பா வியாபாரத்துக்குப் பத்தாண்டு வரை சிறை உண்டு. 2025 அக்டோபரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி ஓர் அடையாளம் கொண்டுவந்தது. பதிவுபெற்ற தரகரின் யுபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற சொல் இருக்கும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் தெரியும். அது தெரியாவிட்டால் பொத்தானை அமுக்காதீர்கள். அமுக்கிவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு ஃபோன் போடுங்கள். முறையான சந்தையும் சொர்க்கம் அல்ல. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் (‘எஃப் அண்ட் ஓ’ என்பார்கள்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவையும் டீ ஆறும்வரை சொல்லி முடித்தேன். பல்லடத்துக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப ஒரே அடியாப் போட்டா நாப்பத்தொம்பது பெர்சன்டுங்களா?”

“கணக்குப்படி ஆமாங்க. செயிச்சதுக்கப்புறம் காசை எடுக்கப் போனா, ‘முதல்ல முப்பது பெர்சன்ட் வரி கட்டுங்க, அப்புறம் தர்றோம்’னு ஒரு மெசேஜ் வருமுங்க.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “மச்சினனுக்கு அது நேத்தே வந்துருச்சுங்க” என்றார்.