ஆங்கிலம் தெரிந்தாலும் ஐரிஷில் பேசலாம்: அயர்லாந்து நீதிமன்ற விதி

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் என்றால், அங்கே பேசும் மொழி புரியாதவருக்குத் துணையாக வருகிறவர் என்றுதான் நினைப்போம். அயர்லாந்தில் ஐரிஷ் பேசுகிறவர்கள் விஷயத்தில் அது தலைகீழ். அவர்களில் அநேகமாக எல்லாருக்குமே ஆங்கிலம் சரளமாக வரும், ஆனாலும் ‘ஐரிஷில்தான் சொல்வேன்’ என்று சொல்ல உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளர் வருவது அது புரியாத நீதிபதிக்காக, வக்கீலுக்காக.

அரசியலமைப்பின் 8ஆவது உறுப்புப்படி ஐரிஷ் முதல் ஆட்சிமொழி, ஆங்கிலம் இரண்டாவது. ஆனால் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது 2003ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டத்தின் 8ஆவது பிரிவு. சாட்சியோ, குற்றம் சாட்டப்பட்டவரோ, வழக்குப் போட்டவரோ, யாராக இருந்தாலும் இரண்டில் எந்த மொழியிலும் பேசலாம், மனுவும் கொடுக்கலாம், அதனால் அவருக்குப் பாதகம் வராமல் பார்த்துக்கொள்வது நீதிமன்றத்தின் கடமை, அதற்காகத்தான் மொழிபெயர்ப்பு ஏற்பாடு. சிவில் வழக்கில் எதிர்த்தரப்பு அரசு என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியில்தான் அரசும் பேசியாக வேண்டும். முன்கூட்டியே கோர்ட் அலுவலகத்தில் சொல்லிவைப்பது நல்லது, அன்றைக்குக் காலையில் போய்ச் சொன்னால் ஆள் கிடைக்க வேண்டுமே.

கால்வே நகரத்துக் கோர்ட்டில், ஐரிஷ் புழங்கும் கொனமாரா பகுதிக்காரர் ஒருவர் கூண்டில் நிற்கிறார் என்று வையுங்கள். ஆங்கிலக் கேள்வி அவருக்கு உடனே புரிந்துவிடும், அவர் ஐரிஷில் சொல்லும் பதில்தான் மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக மற்றவர்களுக்குப் போகும். அவர் கோபத்தில் சொன்னது அங்கே போய்ச் சேரும்போது சாதுவாகிவிடலாம். இதனால்தானோ என்னவோ, ஐரிஷ் பேசும் பகுதிகளுக்குப் போடும் நீதிபதிக்கு, முடிந்தவரை, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விசாரிக்கும் அளவுக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று 1924ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவைத்தது.

ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல ஊர்மக்களிலிருந்து எடுக்கும் குழு, வேறு கதை. இரண்டு மொழியும் தெரிந்த ஜூரிதான் வேண்டும் என்று கொனமாராவிலிருந்து போன வழக்கில், அப்படியொரு உரிமை இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரிஷ் தெரியாதவர்களை ஒதுக்கினால் ஊரில் பெரும்பாலானவர்கள் ஜூரிக்கே வர முடியாது என்பது வாதம். எனக்கு இது முழுசாக ஒப்பவில்லை, ஆனால் சட்ட நிலவரம் இதுதான். ஆக, ஜூரி கேட்பது மொழிபெயர்ப்பாளர் சொல்வதை.

இதெல்லாம் தெற்கே, அயர்லாந்து குடியரசில் மட்டும். பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்தில் கோர்ட் நடவடிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், மீறினால் 20 பவுண்டு அபராதம் என்று 1737இல் போட்ட சட்டம் இருந்தது. அதை எடுக்க வழி செய்த சட்டம் வந்தது 2022 டிசம்பரில்.