ஆடிப்பெருக்குத் தண்ணீரும் ஆற்று மணலும்

ஆடி 18 அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஆறு ஓட வேண்டுமென்றால், மேட்டூரில் இரண்டு மூன்று நாள் முன்பே திறந்தாக வேண்டும். ஆறு காய்ந்து கிடந்தால் இன்னும் முன்பே. முதல் தண்ணீரை மணல் குடித்துவிடும்.

குளிக்கவும் முளைப்பாரி விடவும் இத்தனை தண்ணீரா என்று ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். குளிப்பவர் ஆற்றைக் குறைப்பதில்லை. படித்துறையைத் தாண்டிய அதே நீர்தான் கல்லணை போய்க் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. உண்மையான செலவு வயலில்தான். நொடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் 24 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். ஆளுக்கு 135 லிட்டர் என்றால் சுமார் 18,000 பேரின் ஒரு நாள் குடிநீர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் கட்டினால் 48 லட்சம் லிட்டர், அதாவது அதே ஓட்டம் இரண்டு நாளுக்கு.

குடிநீரின் அளவு சிறிது, ஆனால் மே மாதத்திலும் அது வேண்டும். அப்போது ஆற்றில் நீர் இருக்காது, மணலில்தான் இருக்கும். ஒரு கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலமுள்ள மணற்படுகையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கன மீட்டருக்கு 200 லிட்டர் கசியும் என்று வைத்தாலும் ஆறு கோடி லிட்டர் கிடைக்கும். அந்த மணலை லாரியில் ஏற்றிவிட்டால் அந்தக் கொள்ளளவும் லாரியோடு போய்விடும்.

கொள்ளிடத்தில் கால்களின் மேல் நிற்கும் பம்ப் அறைகளுக்கு அடியில் இருப்பவை இந்த மணல்நீரைத் திரட்டிக் குடிநீருக்குத் தரும் சேகரிப்புக் கிணறுகள். சில மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் உறையை மணலில் நிறுத்தி, உள்ளே தோண்டத் தோண்ட அது தன் எடையிலேயே இறங்கும். ஒரு பக்கம் அதிகம் தோண்டினால் உறை சாயும். உயர்ந்து நிற்கும் பக்கத்தைத் தோண்டித்தான் நிமிர்த்த வேண்டும். அடியைக் கான்கிரீட்டால் அடைத்த பின், சுவரிலுள்ள துளைகள் வழியே துளையிட்ட குழாய்களைக் கிடைமட்டமாக நாற்புறமும் செலுத்துவார்கள். பிறகு நீரை இறைத்துக்கொண்டே இருந்தால் குழாயைச் சுற்றியுள்ள நுண்மணல் வெளியேறி, பருமணல் மட்டும் வடிகட்டியாக நிற்கும்.

குழாய்த் துளையில் நீர் நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. கோடையில் தேவை கூடுகிறதென்று பெரிய மோட்டாரை மாட்டினால் நுண்மணல் இழுபட்டுத் துளைகள் அடையும். இரும்புச் சத்துள்ள நீரில் பாக்டீரியா உண்டாக்கும் செந்நிறப் பிசுபிசுப்பு வேறு படியும். கிணறு வற்றிவிட்டது என்பார்கள். பல நேரம் வற்றியிருக்காது, அடைத்திருக்கும். ஓய்வு கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: இறைக்காதபோது கிணற்றின் மட்டம் வெளியே மணலிலுள்ள மட்டத்துக்கு ஏறிவிட்டு, மோட்டார் போட்டதும் சட்டென்று பள்ளமாக இறங்கினால் குழாயில்தான் கோளாறு.

மணல் அள்ளிய குழிதான் குளிப்பவரையும் கொல்கிறது. முழங்கால் ஆழத்தில் நடப்பவருக்கு அடுத்த அடியில் தலைக்கு மேல் நீர். குழியின் விளிம்பு மிதித்ததும் சரியும், ஏறவும் பிடி கிடைக்காது. அணையில் திறந்த ஷட்டருக்குக் கீழே இன்னொரு ஆபத்து. அங்கே மேற்பரப்பு நீர் மதகை நோக்கித் திரும்பி ஓடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் உள்ளே இழுபடுவார். பண்டிகை நாளில் ஷட்டரைப் படிப்படியாக உயர்த்துவதும், முன்பே சங்கு ஊதுவதும் இதற்காகத்தான்.

கோடையில் கொள்ளிடத்தில் மிஞ்சும் மடுக்களும் மணலின் நீர்மட்டத்தில்தான் நிற்கின்றன. பக்கத்தில் ஓயாமல் இறைத்தால் மடு காயும், மீனும் அதைத் தின்னும் நீர்நாயும் போகும். கிணறுகளை மாற்றி மாற்றி இயக்கினால் இழப்பு குறையும்.

கடைமடையில் கணக்கு வேறு. திருவாரூர் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரம் ஏரி ஒரு பறவைகள் சரணாலயம்; உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. அது கோடையில் காய்வது இயல்பு. அப்போது அதை நிரப்புவதால் பறவைக்குப் பெரிய பயனில்லை. நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுவது மழைக்காலத்துக்குப் பின். மேட்டூர் வழக்கமாக மூடப்படும் ஜனவரி 28க்குப் பிறகு, ஏரியில் தேங்கியதை வைத்துத்தான் குஞ்சுகள் வளர வேண்டும். அதனால் அணை மூடுமுன் கடைசியாக விடும் முறைத் தண்ணீரில் ஏரிக்கும் ஒரு பங்கு விட வேண்டும்.