நெருக்க நடவும் மாவோவின் பஞ்சமும்

நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு நரியோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட இடம் விட வேண்டும் என்பது காவிரிப் படுகையில் வழிவழியாக வரும் நடவுக் கணக்கு. இதற்கு நேர்மாறான கணக்கை 1958-இல் சீன விவசாயிகள் மீது ஓர் அரசு சுமத்தியது.

உழவர்களைத் திரட்டிப் புரட்சி நடத்தி 1949-இல் ஆட்சியைப் பிடித்த மாவோ, அதற்குள் மறுசொல் கேட்காத தலைவராகியிருந்தார். விளைச்சலையும் தொழிலையும் சில ஆண்டுகளிலேயே பன்மடங்காக்க அவர் தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ திட்டத்தின் வேளாண் விதிகளில் ஒன்று நெருக்க நடவு. ஒரே இனப் பயிர்கள் தமக்குள் போட்டியிடுவதில்லை என்ற சோவியத் நாட்டு வேளாண் அறிவியலாளர் லைசென்கோவின் பிழையான கொள்கை அதற்குத் துணைநின்றது.

பயிர்கள் போட்டியிடவே செய்கின்றன. ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலுக்கு ஓர் எல்லை உண்டு. நாற்றுகளைக் கூட்டினால் அந்த வெயில் கூடுவதில்லை, ஒவ்வொரு பயிரின் பங்குதான் குறைகிறது. இடம் கிடைத்தால் நெல் தூர் கட்டி, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டு, அதை நிரப்பிக்கொள்ளும், 25 செ.மீ. இடைவெளியில் ஒற்றை நாற்று நடும் முறை இந்த இயல்பை நம்பியே வகுக்கப்பட்டது. நெருக்கினால் தூர் குறையும். நிழலில் சிக்கிய தண்டு வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென மெலிந்து வளர்ந்து காற்றில் சாயும். தஞ்சைப் பக்கத்துத் தாளடி வயலில் நெருங்கிய குத்துகளை விலக்கிப் பாருங்கள்: மேலே கரும்பச்சையாக இருக்கும் பயிரின் அடியிலைகள் பழுத்திருக்கும், தண்ணீருக்குச் சற்று மேலே தண்டில் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி அப்பியிருக்கும். எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விடச் சொல்வது இதற்காகத்தான்.

சீன வயல்களிலும் இதுவே நடந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல அதிகாரிகள் அஞ்சினார்கள். பல வயல்களின் விளைந்த பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நட்டு, பிள்ளைகளை அதன்மேல் நிற்கவைத்து எடுத்த படம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேட்டில் வந்தது. அந்தப் பொய்க் கணக்கை வைத்தே தானியக் கொள்முதல் நிர்ணயிக்கப்பட்டதால், விதைநெல்லும் சாப்பாட்டு அரிசியும்கூட அள்ளிச் செல்லப்பட்டன. பயிர் நட்டத்தைவிட இந்தக் கொள்முதலே அதிக உயிர்களைக் குடித்தது என்பது என் கருத்து. 1959-இல் பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய் கடிதம் எழுதி எச்சரித்தார், பதவியை இழந்தார். 1958-இல் ஏறத்தாழ 20 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1960-இல் 14 கோடிச் சொச்சமாகச் சரிந்தது. பட்டினியால் மடிந்தோர் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

1962-இல் மாவோ கட்சி மாநாட்டில் தம் பொறுப்பை ஓரளவு ஏற்றுப் பின்வாங்கினார். நாட்டை மீட்கும் வேலை அப்போதைய சீனக் குடியரசுத் தலைவர் லியு ஷாவோகியின் கைக்குச் சென்றது. 1966-இல் இளைஞர்களைக் கட்சித் தலைவர்களுக்கு எதிராகத் தூண்டிவிட்ட கலாச்சாரப் புரட்சியைத் தொடங்கி அதிகாரத்தை மீண்டும் கைப்பற்றிய மாவோ, லியுவைச் சிறைப்படுத்தினார். லியு 1969-இல் காவலிலேயே இறந்தார். 1976 செப்டம்பரில் மாவோ இறந்த ஒரு மாதத்துக்குள் அவருடைய மனைவியும் நெருங்கிய கூட்டாளிகளும் கைது செய்யப்பட்டனர்.