மூட்டுவலிக்கு ‘செட்’ மாத்திரையா? அந்தப் பொட்டலத்தை முதலில் பிரித்துப் பாருங்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். நடவுக்குப் போகிற அம்மா, வயது 52. கால் வீக்கம், வாந்தி என்று வந்தார். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, 6-ஐத் தாண்டியிருந்தது. ஊர் பாஷையில் சொன்னால், ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது.

“என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க டாக்டர். முட்டி வலிக்கு மெடிக்கல்ல ஒரு செட் வாங்கிப் போட்டுக்குவேன். மூணு வருஷமா.”

அந்தக் காகிதப் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று, ஒரு பாரசிட்டமால், ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். பல சமயம் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். அட்டை கிடையாது, பெயர் கிடையாது.

“வலி கேக்குதே டாக்டர், அப்புறம் எப்படி அது கெட்ட மாத்திரை?” எனக்குப் பொறுமை போவது இந்தக் கேள்வியில்தான். வலி அடங்குவது வேறு, மூட்டு குணமாவது வேறு. சுளுக்கு, பல் பிடுங்கியது, எலும்பு முறிவு எல்லாம் திடீர் வலி. காயம் ஆறினால் வலியும் போய்விடும். அதற்கு நாலைந்து நாள் வலி மாத்திரை நானே எழுதித் தருகிறேன். மூன்று மாதம் தாண்டிய வலியின் கணக்கே வேறு. நரம்பும் மூளையும் வலிக்குப் பழகி, சின்ன அசைவைக்கூடப் பெரிதாக உணர்த்தும். ஐந்து நாள் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினாலும் தேய்ந்த மூட்டு வளராது, கிட்னிதான் போகும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் குனிந்து வேலை செய்கிறவருக்கும், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சிறுநீரகம் செயலிழந்ததுதான் காரணம். 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனித உடம்பு அதைக் கழுகைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் அடி விழுகிற உறுப்பு அதேதான்.

ஸ்டீராய்டால் அந்த அம்மாவுக்கு முகம் பூசினாற்போல் ஆனபோது, “உடம்பு தேறிட்டே” என்றார்களாம் அக்கம்பக்கத்தில். அது தேறின உடம்பு இல்லை தாயே! இதைப் படித்துவிட்டு இன்றே சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள். பல மாதம் ஸ்டீராய்டு சேர்ந்த உடம்பு திடீர் நிறுத்தத்தைத் தாங்காது, மயங்கி விழுவீர்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முட்டி வலிக்குத் தொடைத் தசைதான் தாங்குகட்டை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்குங்கள். தினமும் செய்யுங்கள், இரண்டு மாதமாவது விடாமல். எடையைக் குறையுங்கள். நன்றாகத் தூங்குங்கள், தூக்கம் கெட்டால் வலி கூடும். இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால், யூடியூப் பார்த்து “மனநோய் மாத்திரை” என்று தூக்கிப் போடாதீர்கள். நரம்பு வலிக்கும் அது மருந்து.

நெஞ்சு வலியா? முதுகு வலியோடு கால் மரத்து, சிறுநீர் பிரியவில்லையா? அதற்குப் பொட்டலம் தேடாதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் மிச்சம் இருக்கிற பொட்டலத்தை ஒளிக்காமல் கையோடு எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் என்னால் ஏதாவது செய்ய முடியும்.