அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் இலவச வழக்கறிஞர்: எங்கே கிடைப்பார், எங்கே கைநழுவுவார்

குடியேறியவர்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறேன். சொன்ன கதை பொய் என்று தீர்ப்பாகித் தோற்றவர்களை அங்கே குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். நீதிமன்றக் கடிதம் பழைய வீட்டுக்குப் போனதால் தோற்றவர்கள்தான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் சட்ட வரலாறு அதிகம் இருக்காது. எங்கே இடறுகிறார்கள் என்பதுதான் இருக்கும்.

முதலில் ஒரு நம்பிக்கையைக் களைந்துவிடலாம். "வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் அரசே நியமிக்கும்" என்பது குற்றவியல் வழக்குக்கு உரிய விதி. நாடுகடத்தல் வழக்கு அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் சிவில் வழக்கு. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அரசுக்குச் செலவில்லாமல் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அரசின் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர் இருப்பார். உங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் விசாரணை நடக்கும். 2007 முதல் 2012 வரை முடிந்த வழக்குகளை ஆராய்ந்தபோது, 37 சதவீதம் பேருக்குத்தான் வழக்கறிஞர் இருந்தது தெரிந்தது. தடுப்புக்காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம்.

அந்த நாற்காலியை நிரப்பத்தான் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. சியாட்டிலில் 1984 முதல் இயங்கும் நார்த்வெஸ்ட் இமிகிரன்ட் ரைட்ஸ் புராஜெக்ட், டெக்சாஸில் 1986இல் தொடங்கிய ரைசஸ், அரிசோனாவில் தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்காக 1989இல் தொடங்கிய ஃபுளோரன்ஸ் புராஜெக்ட் போன்றவை. பல ஊர்களில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்புகளும் இதைச் செய்கின்றன. எந்த மதத்தவரும் போகலாம்.

யார் உங்களுக்காகப் பேசலாம்?

பெரும்பாலும் இரண்டே வகையினர். ஒருவர், அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞர். குடியேற்றச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று என்பதால் எந்த மாநில உரிமமும் செல்லும். மற்றவர், மத்திய அரசின் நீதித்துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனத்தில் வேலை செய்யும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. இவர் வழக்கறிஞர் இல்லை, ஆனால் சட்டப்படி உங்களுக்காகப் பேசலாம்.

இந்த இரண்டாவது வகையில் ஒரு பொறி இருக்கிறது. பிரதிநிதியின் அங்கீகாரம் முழுமையானதாகவும் இருக்கலாம், பகுதியளவானதாகவும் இருக்கலாம். பகுதியளவு என்றால், குடியேற்ற விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ். அலுவலகத்தில் விண்ணப்பம் போடலாம், நேர்காணலுக்கு உங்களுடன் வரலாம், ஆனால் நீதிபதி முன்னால் நிற்க முடியாது. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும் ஒருவர், பகுதி அங்கீகாரம் உள்ளவரிடம் மாதக்கணக்கில் ஆவணங்களைக் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு முந்தைய வாரம் "நான் நீதிமன்றத்துக்கு வர முடியாது" என்ற பதிலைக் கேட்டதை நான்தான் மொழிபெயர்த்தேன். முதல் நாளே கேளுங்கள்: உங்கள் அங்கீகாரம் முழுமையானதா, எந்தத் தேதிவரை செல்லும்? மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை நீதித்துறையே இணையத்தில் வெளியிடுகிறது.

இந்த இரண்டு வகையிலும் சேராதவர்: நோட்டரி, வரிக்கணக்கு எழுதுபவர், டிராவல் ஏஜென்ட், கோயிலில் அறிமுகமான "இதெல்லாம் எனக்குத் தெரியும்" அண்ணன். அமெரிக்க நோட்டரியின் வேலை கையெழுத்துக்குச் சாட்சி சொல்லி முத்திரை குத்துவது மட்டுமே. ஏஜென்ட் எழுதிய கதையில் உங்கள் கையெழுத்து இருந்தால் அது உங்கள் கதை. புகலிட மனுவில் தெரிந்தே முக்கியமான விஷயத்தைப் புனைந்ததாக நீதிபதி தீர்மானித்தால், அதற்குப் பிறகு அநேகமாக எந்தக் குடியேற்றச் சலுகையும் வாழ்நாளுக்கும் கிடையாது. ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, அவர் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்வார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். எழுதியதை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

"லீகல் எய்ட்" பலகை ஏமாற்றும்

ஊருக்கு ஊர் லீகல் எய்ட் அலுவலகம் இருக்கும். உள்ளே போனால் முதல் கேள்வியே உங்கள் குடியேற்ற நிலை பற்றித்தான். பதில் சொன்னதும் "மன்னிக்கவும், எங்களால் முடியாது." ஏனென்று யாரும் விளக்குவதில்லை, நமக்குத்தான் ஏதோ தகுதியில்லை என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். காரணம் வேறு. லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் என்ற மத்திய அமைப்பின் பணத்தில் நடக்கும் அலுவலகங்கள், ஆவணமில்லாதவர்களில் பெரும்பாலோருக்கு வாதாடக் கூடாது என்று 1996 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. குடும்ப வன்முறை, ஆள்கடத்தல் போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு, அப்படி எதுவும் நடந்திருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பணம் வாங்காத அமைப்பைத் தேட வேண்டும். இரண்டும் ஒரே தெருவில்கூட இருக்கலாம்.

நீதிமன்றம் தரும் இலவசச் சட்ட உதவிப் பட்டியல் ஒன்று உண்டு. முதல் விசாரணையில் நீதிபதி அதை உங்கள் கையில் கொடுப்பார். கொடுத்தால் கடமை முடிந்தது. அதிலுள்ள எண்களை அழைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் மீதிக் கதை தெரியும். ஒரு இடத்தில் செவ்வாய்க்கிழமை காலை மட்டும்தான் புதிய ஆட்களிடம் பேசுவார்கள். இன்னொரு இடம் காவலில் இருப்பவர்களை மட்டும் எடுக்கும், மற்றொன்று காவலில் இல்லாதவர்களை மட்டும். வருமான வரம்பு வேறு இருக்கிறது. பல அமைப்புகள் மத்திய அரசின் வறுமை வரம்பைப் போல இரண்டு மடங்குவரை ஏற்கும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அந்தத் தொகை கூடும். ஆகவே உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கும் பிள்ளைகளை எண்ணாமல் "நான் ஒருவன்தான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அழைக்கும்போது கையில் மூன்று விவரங்கள் வேண்டும்: ஏ நம்பர் (குடியேற்றத் துறை உங்களுக்குத் தந்த கோப்பு எண்), அடுத்த விசாரணைத் தேதி, எந்த ஊர் நீதிமன்றம். நோட்டீஸில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். நம்மில் பலருக்கு அப்பாவின் பெயர் முதற்பெயராக மாறியிருக்கும், அல்லது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கும். "அது தப்பு" என்று அந்த நேரத்தில் விளக்கத் தொடங்கினால் கோப்பைத் தேடவே மாட்டார்கள்.

ஒவ்வொரு அழைப்பையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த அமைப்பு, என்ன பதில். இது வெட்டி வேலை இல்லை. வழக்கறிஞர் தேட அவகாசம் கேட்டால் நீதிபதி தக்க காரணம் கேட்பார். பதினைந்து இடத்தில் முயன்றதைக் காட்டும் நோட்டு ஒரு காரணம். "தேடினேன், கிடைக்கவில்லை" என்பது வெறும் பேச்சு.

யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டால் வழக்கு அவர்களுடையது ஆகிவிட்டது என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆலோசனை மட்டுமே. உங்கள் சார்பில் ஆஜராகும் படிவத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால்தான் அவர் உங்கள் வழக்கறிஞர். பேசி முடித்ததும் நேரடியாகக் கேளுங்கள்: "நீங்கள் என் வழக்கை எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லையா? எழுத்தில் கொடுங்கள்." இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அவர்களே அப்படிக் கேட்பதைத்தான் விரும்புகிறார்கள்.

காத்திருப்புப் பட்டியல் காலக்கெடுவை நிறுத்தாது

புகலிட மனுவான ஐ-589 படிவத்தை அமெரிக்காவுக்கு வந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். தொண்டு நிறுவனத்தின் வரிசையில் காத்திருந்தேன் என்பது பொதுவாக விலக்காக ஏற்கப்படாது. பத்தாவது மாதம் ஆகியும் வழக்கறிஞர் கிடைக்கவில்லை என்றால், நீங்களே நிரப்பியாவது போட்டுவிடுங்கள். படிவம் நிரப்ப மட்டும் உதவும் முகாம்களைப் பல அமைப்புகள் நடத்துகின்றன. குறை இருந்தால் பிறகு சேர்க்கலாம், தேதி போனால் திரும்பாது.

எல்லை வழியாக வந்தவர்கள் விழும் பள்ளம் இது: எல்லையில் அதிகாரி எடுத்த நேர்காணலில், "உங்கள் அச்சம் நம்பத்தகுந்தது" என்று எழுதிக் கொடுத்து வெளியே விட்டிருப்பார்கள். மணிக்கணக்கில் எல்லாவற்றையும் அழுது சொல்லியாயிற்று, அதுதான் மனு என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அது மனு ஆகாது. படிவத்தைத் தனியாகப் போட வேண்டும், வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் நீதிமன்றத்தில், இல்லையென்றால் யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸில். இடம் மாற்றி அனுப்பினால் வாரக்கணக்கில் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் ஓராண்டு முடிந்துவிடலாம்.

அந்த நேர்காணலிலேயே தோற்றவர்கள், நீதிபதி மறுபரிசீலனை செய்ய வேண்டுமா என்று கேட்டால் "ஆம்" என்று சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் கதவுகள் மிகக் குறைவு. 2017இல் எல்லைக்கு 25 கெஜம் உள்ளே பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவருக்காக ஏ.சி.எல்.யு. என்ற குடியுரிமைப் போராட்ட அமைப்பு உச்ச நீதிமன்றம்வரை போராடியது. 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது.

கட்டணம் பற்றி ஒரு வரி: 2025 ஜூலையில் வந்த சட்டம் புகலிட மனுவுக்கு 100 டாலரும், மனு நிலுவையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இன்னொரு 100 டாலரும் விதித்தது, ஏழைகளுக்கும் விலக்கில்லை. ஆண்டுத் தொகை விலைவாசியை ஒட்டி மாறும். வழக்கறிஞர் இலவசம் என்றால் எல்லாமே இலவசம் என்று பொருளில்லை.

முகவரி

தொடக்கத்தில் சொன்ன பழைய வீட்டுக் கடிதத்துக்கு வருகிறேன். வீடு மாறினால் ஐந்து வேலை நாளுக்குள் நீதிமன்றத்துக்கு ஈ.ஓ.ஐ.ஆர்.-33 படிவம். அதன் பிரதி எதிர்ப்பக்க அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு. பத்து நாளுக்குள் யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸுக்கு ஏ.ஆர்.-11. கைதையும் நாடுகடத்தலையும் செய்யும் அமைப்பான ஐ.சி.இ.யின் அதிகாரியிடம் அவ்வப்போது கையெழுத்துப் போட்டு வருபவரானால் அவரிடமும் தனியாக. எல்லாம் ஒரே அரசுதானே, ஒரு இடத்தில் சொன்னால் போதாதா என்று கேட்டால், போதாது. ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரிந்ததாகக் கணக்கில்லை. தபால் நிலையத்தில் முகவரி மாற்றியதும் இதில் சேராது.

விசாரணைக்கு வராதவர் மீது அவர் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு போடப்படும். அதை நீக்கக் கேட்கலாம், தீவிர நோய் போன்ற அசாதாரணக் காரணம் என்றால் 180 நாளுக்குள். நோட்டீஸே கிடைக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும். ஆனால் முகவரி மாற்றத்தை நீங்கள் சொல்லாமல் விட்டதால் கிடைக்கவில்லை என்றால் அந்த வாதம் செல்லாது. எனவே கடிதத்தை நம்பாதீர்கள். வாரம் ஒருமுறை 1-800-898-7180 என்ற நீதிமன்றத் தானியங்கி எண்ணில் ஏ நம்பரை அழுத்தித் தேதியைக் கேளுங்கள். ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான் பேசும்.

வேறு மாநிலத்துக்கே குடிபெயர்ந்தால் வழக்கு உங்களோடு வராது. நீதிமன்றத்தை மாற்றக் கோரி மனு போட வேண்டும், அனுமதி வரும்வரை பழைய ஊரில்தான் ஆஜராக வேண்டும். புதிய ஊர்த் தொண்டு நிறுவனம் "வழக்கு எங்கள் ஊரில் இல்லை" என்னும். பழைய ஊர் நிறுவனம் "நீங்கள் எங்கள் ஊரில் இல்லை" என்னும். டெக்சாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே இப்படிப் பந்தாடப்பட்ட ஒரு குடும்பத்துக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். முகவரி மாற்றப் படிவத்தோடு அன்றே நீதிமன்ற மாற்ற மனுவையும் போட்டிருந்தால் அலைச்சல் பாதியாகியிருக்கும்.

2025 மே முதல் நீதிமன்றக் கட்டடங்களிலேயே ஐ.சி.இ. கைது செய்வதால் பலர் போகவே அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் போகாவிட்டால் உத்தரவு நிச்சயம். காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்டு முன்கூட்டியே மனு போடலாம். தருவதும் மறுப்பதும் நீதிபதி கையில்.

மொழி

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரை அரசே தரும். எந்த மொழி வசதி என்று கேட்டால் "தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள். பணிவுக்காக "கொஞ்சம் ஆங்கிலம் தெரியும்" என்று சொன்னவர்கள் பின்னால் வருந்தியிருக்கிறார்கள். யு.எஸ்.சி.ஐ.எஸ். புகலிட நேர்காணலில் இது தலைகீழ்: 2023 செப்டம்பர் முதல் மொழிபெயர்ப்பாளரை நீங்களே அழைத்துப் போக வேண்டும். அவருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், உங்கள் வழக்கறிஞராகவோ சாட்சியாகவோ இருக்கக் கூடாது.

உறவுமுறைச் சொற்களில் கவனம் தேவை. சித்தப்பா மகனைத் "தம்பி" என்போம்; ஆங்கிலத்தில் அது உடன்பிறந்தவர் ஆகிவிடும். "படிவத்தில் சகோதரர் இல்லை என்றீர்களே?" என்று கேள்வி வரும். தாய்மாமனும் மாமனாரும் "மாமா"தான். 2005இல் வந்த சட்டப்படி சிறிய முரண்பாட்டையும் வைத்து உங்கள் பேச்சை நம்ப முடியாது என்று தீர்மானிக்கலாம். "மாமா, என் அம்மாவின் அண்ணன்" என்று ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்லுங்கள், சலிப்பாக இருந்தாலும்.

தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட தகுதிச் சான்றும் வேண்டும். நோட்டரியும் தேவையில்லை, பணம் வாங்கும் ஏஜென்டும் தேவையில்லை. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த நண்பர் போதும்.

நீதிமன்ற ஜன்னலில் காகிதம் கொடுக்கும்போது மூன்று பிரதி எடுத்துப் போங்கள்: நீதிமன்றத்துக்கு ஒன்று, அரசு வழக்கறிஞருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. உங்கள் பிரதியில் தேதி முத்திரை விழும்வரை, பின்னால் வரிசை எவ்வளவு நீண்டாலும், அந்த ஜன்னலைவிட்டு நகராதீர்கள்.