ஆல்டோலேஸ்: சிதைக்கிறதா, பிளக்கிறதா?

தசை நோய் இருக்குமோ என்று பார்க்க எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சில சமயம் 'ஆல்டோலேஸ்' என்று ஒரு வரி இருக்கும். தசைச் செல்கள் பழுதாகும்போது உள்ளே இருக்கவேண்டிய இந்த நொதி ரத்தத்தில் கசிந்துவிடும், அளவு கூடும். தமிழில் இதைச் 'சிதைக்கும் நொதி' என்று எழுதுவதுண்டு. அது சரிதானா?

பெயரில் இரண்டு துண்டுகள். முன்துண்டான 'ஆல்டால்', ஆல்டிஹைடு, ஆல்கஹால் என்ற இரு சேர்ம வகைகளின் பெயர்களையும் ஒட்டி 1872இல் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் ஒரு சேர்மத்துக்கு வைத்த பெயர். பின்துண்டான 'ஏஸ்', 1833இல் பாயன், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த 'டயஸ்டேஸ்' என்ற நொதியின் பெயரின் வால். டயஸ்டேஸின் மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் பிரித்தல் என்று பொருள். பிறகு அந்த வால் ஏறக்குறைய எல்லா நொதிகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

சரி, இது செய்யும் வேலை என்ன? ஃபிரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட் என்ற, பாஸ்பேட் ஒட்டிய சர்க்கரையில் ஆறு கார்பன்கள் வரிசையாக நிற்கும். இரு முனையிலும் ஒவ்வொரு பாஸ்பேட். மூன்றாவது கார்பனுக்கும் நான்காவதுக்கும் நடுவே உள்ள பிணைப்பை நொதி விடுவிக்கிறது. தேங்காயை உடைத்தால் கண்ணுள்ள மூடி ஒன்று, கண்ணில்லாத மூடி ஒன்று வருமே, அப்படித்தான். இரண்டிலும் மும்மூன்று கார்பன், ஆளுக்கொரு பாஸ்பேட். ஆனால் ஒன்று ஆல்டிஹைடு, மற்றது கீட்டோன் என்ற வேறு வகைச் சேர்மம்.

அதனால் 'சிதைக்கும் நொதி' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிதைந்தது உருக்குலைந்து போகும். இங்கே நடப்பது பிளப்பு. அதிலும் இது திரும்பக்கூடிய பிளப்பு: பட்டினி கிடக்கும்போது கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்கையில் இதே நொதி இரு பாதிகளையும் ஒட்டுகிறது. ஆல்டால் வினை என்பதே வேதியியலில் ஒட்டும் வினைதான். எனவே பெயராக 'ஆல்டால் நொதி' போதும். இலங்கையில் நொதியை 'நொதியம்' என்பார்கள். வேலையைச் சொல்லும்போது மட்டும் 'சர்க்கரைப் பாஸ்பேட்டைப் பிளக்கும் நொதி' என்று எழுதலாம்.

இதில் தசைக்கு ஏ, கல்லீரலுக்கு பி, மூளைக்கு சி என மூன்று வகை உண்டு. பி வகை பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தை தாய்ப்பால் குடிக்கும்வரை நன்றாக இருக்கும், பாலில் ஃபிரக்டோஸ் இல்லையே. அப்புறம் பழக்கூழோ தேனோ சர்க்கரையோ கொடுக்கத் தொடங்கியதும் வாந்தி வரும், ரத்தச் சர்க்கரை சரியும். ஃபிரக்டோஸ் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டு ஃபிரக்டோஸ் 1-பாஸ்பேட் ஆகிறது; பி வகை பிளக்கவேண்டிய அது பிளக்கப்படாமல் கல்லீரலில் தேங்கி, செல்லுக்கு வேண்டிய பாஸ்பேட்டையெல்லாம் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்வதால் வரும் வினை அது.