பழைய போக்கர் சில்லுகளில் நிறம் எங்கே போகிறது?

மும்பை சோர் பஜாரில், மட்டன் தெருவின் பழம்பொருள் கடைகளில், பித்தளைப் பூட்டுகளுக்கும் கிராமபோன் குழல்களுக்கும் நடுவே, போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லுகள் அடுக்கிய மரப்பெட்டி எப்போதாவது கண்ணில் படும். சென்ற ஆண்டு நான் அப்படி ஒரு பெட்டியை மாட்டுங்காவுக்கு வாங்கி வந்தேன். அதிலிருந்த சிவப்புச் சில்லுகள் செங்கல் தூள் போலவும், நீலச் சில்லுகள் அடுப்புச் சாம்பல் போலவும் இருந்தன. நிறம் செத்துவிட்டது, இனிச் சாயம் போட்டால்தான் உண்டு என்று முதலில் நினைத்தேன். அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு.

இவற்றைக் 'களிமண் சில்லு' என்று அழைப்பது வழக்கமாக இருந்தாலும், இவை அகல் விளக்கைப் போலச் சூளையில் சுட்டவை அல்ல. அப்படிச் சுட்டிருந்தால் கைதவறி விழுந்ததும் உடைந்திருக்கும். வெண்களிமண், சுண்ணப்பொடி போன்ற கனிமத் தூள்களோடு நிறமியையும் ஒரு பிசினையும் கலந்து, சூடான அச்சில் வைத்து அழுத்தி வார்த்தவை இவை. சூதாட்ட விடுதிகளில் புழங்கும் இவ்வகைச் சில்லு ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் விட்டமும் 8 முதல் 10 கிராம் எடையும் கொண்டது. பழைய சில்லுகளில் பிசினாகப் பயன்பட்டது பெரும்பாலும் அவலரக்கு, அதாவது தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் அதே பொருள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய கிராமபோன் இசைத்தட்டுகளும் இந்த அரக்கையும் கல்தூளையும் கலந்து அழுத்தியவையே. அரக்குப் பூச்சிகள் இந்தியக் காடுகளில் பலாசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் கிளைகளில் சுரப்பதே இந்தப் பிசினுக்கு மூலம். அதைக் கழுவும்போது பிரியும் செஞ்சாயம் பண்டைக்காலம் முதல் துணிக்கு ஏறியதால்தான், மாட்டுங்கா பட்டுக்கடைகளில் இன்றும் 'அரக்கு நிறம்' என்று கேட்டு வாங்குகிறோம்.

நிறம் மங்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. விரல் அழுக்கு ஒன்று. வெயில் பட்டு நிறமியே சிதைவது இன்னொன்று. மூடிய பெட்டியில் கிடந்த சில்லுகளில் பெரிதும் வேலை செய்வது மூன்றாவது காரணம்தான், அது மேற்பரப்பின் நுண்கீறல்கள். மும்பைச் சமையலறைகளில் பதித்திருக்கும் கடப்பைக் கல்லைப் பாருங்கள்: காய்ந்திருக்கும்போது வெளிறிய சாம்பல், ஈரத்துணியால் துடைத்த நொடியில் நல்ல கறுப்பு. கல்லின் நிறம் மாறவில்லை, ஒளி போகும் வழிதான் மாறியது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். அரக்குக்கு அது ஏறத்தாழ 1.52, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டினால், நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு நிறமியைத் தொடாமலேயே வெள்ளொளியாகத் திரும்பிவிடுகிறது. வழவழப்பான பரப்பில் அது ஒரே திசையில் போவதால் பளபளப்பாகத் தெரியும். கீறல் நிறைந்த பரப்பிலோ எல்லாத் திசைகளிலும் சிதறி, நிறத்தின் மேல் வெண்திரை போலப் படர்ந்துவிடும். கீறல்களுக்குள் கனிம எண்ணெய் புகுந்துவிட்டால், அதன் ஒளிவிலகல் எண் 1.47 என்பதால், எண்ணெயும் அரக்கும் சந்திக்கும் எல்லையில் திரும்பும் ஒளி பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட இருக்காது.

ஆகவே மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்ற பெயரில் கிடைக்கும் கனிம எண்ணெயை இரண்டு சொட்டு துணியில் எடுத்துத் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்தாலே செங்கல் தூள் மீண்டும் சிவப்பாகிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது சிக்கு நாற்றம் எடுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகி மஞ்சளிக்கும்.

எண்ணெய்க்கு முன் அழுக்கு போக வேண்டும், நான் சில்லுகளை இழந்தது அங்கேதான். வெதுவெதுப்பான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஆறு சில்லுகளை ஊறவைத்தேன். அரை மணியில் நீர் பழுப்பாகி, சில்லுகளின் விளிம்பு பிசுபிசுத்து, அச்சின் நுண்ணிய குறுக்குக்கோடுகள் மறைந்துவிட்டன. அரக்கு அமிலத்தன்மை கொண்ட பிசின். சோடாவும் வெண்காரமும் போன்ற காரங்கள் அதை நீரில் கரையும் உப்பாக மாற்றிவிடும். மென்மையான சோப்பு, பல் தேய்க்கும் மெல்லிய பிரஷ், சில நொடிகள், உடனே துடைத்துக் காயவைத்தல், இவ்வளவே போதும். பழைய நிறமிகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிவதும், உலர்ந்த சில்லை உப்புத்தாளால் தேய்க்காமல் இருப்பதும் அவசியம்.

இதன் பிறகும் நிறத்தை மாற்றியே தீர வேண்டுமென்றால், முதலில் பிசின் எதுவென்று அறிய வேண்டும். ஏற்கெனவே உடைந்த சில்லின் விளிம்பில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறி, சில்லு ஒட்டினால் அது அரக்கு. அதை வெந்நீர்ச் சாயத்தில் இடக் கூடாது. சேதமான இடத்தில் மட்டும், நிறமி கலந்த அரக்கு மெருகை நுனித்தூரிகையால் வைக்கலாம். செயற்கைப் பிசினால் ஆன பிற்காலச் சில்லுகளுக்குப் பாலியெஸ்டர் துணிக்கான சிதறல் சாயம் பொருந்தும். வெப்பம் ஏறும்போது பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகள் சற்றே நெகிழ்ந்து, சாய மூலக்கூறுகளுக்கு உள்ளே போக வழிவிடுகின்றன. ஆனால் சாயம் ஒளியை விழுங்க மட்டுமே தெரிந்தது: வெள்ளையை எந்த நிறமாகவும் ஆக்கலாம், மஞ்சளின் மேல் நீலம் போட்டால் பச்சை வரும், கறுப்பை எதுவாகவும் ஆக்க முடியாது. விளிம்பில் பதித்த வேற்று நிறப் பட்டைகளும் சேர்ந்தே மாறும் என்பதையும், நடுவிலுள்ள காகித வில்லை கறைபடும் என்பதையும் மறக்கலாகாது.

வளைந்த சில்லுகளுக்கு அரக்கின் இன்னொரு குணம் கைகொடுக்கிறது. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்த பெட்டியில் சில்லுகள் கோணுவதும் அதனால்தான். காகித வில்லை இல்லாத சில்லாகப் பார்த்து, கை பொறுக்கும் சூட்டு நீரில் ஒரு நிமிடம் வைத்து, இரண்டு தடித்த கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் அழுத்தி, முழுதும் ஆறும்வரை அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மறுபடி வளையும். எடுத்த சில்லைக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தை விரலால் அழுத்துங்கள். 'டக்' என்ற ஒலி எழாவிட்டால் அது தட்டையாகிவிட்டது.